நேவிகேஷன் லைட் சுவிட்ச்: இண்டிகேட்டர் எரிகிறது, பின்விளக்கு எரியவில்லை

உப்புக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கைமாறி வந்த பழைய ஃபைபர் படகு ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளம் 5.5 மீட்டர், 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், 12 வோல்ட் பேட்டரி ஒன்று. எஞ்சின் பக்கம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வயரிங்தான் தலைவலி.

விளக்குகள் இரண்டு. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், சிவப்பும் பச்சையும் சேர்ந்த ஒரே கூடு, உள்ளே 10 வாட் பல்பு ஒன்று. பின்னால் சாக்கெட்டில் செருகும் கம்பத்தின் உச்சியில் சுற்றிலும் தெரிகிற வெள்ளை விளக்கு, அதுவும் 10 வாட். கன்சோலில் ஒரு டாகிள் சுவிட்ச். மேலே தள்ளினால் 'ஓட்டம்', கீழே தள்ளினால் 'நங்கூரம்', நடுவில் ஆஃப். பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு இண்டிகேட்டர்.

என்ன சிக்கல் என்றால், நங்கூரத்துக்குத் தள்ளினாலும் சிவப்பு-பச்சை சேர்ந்தே எரிகிறது. மங்கலாக இல்லை, முழு வெளிச்சத்தில். அதைவிட மோசம், வெள்ளை விளக்கு நினைத்தால் எரிகிறது, நினைத்தால் அணைகிறது, கம்பத்தை ஆட்டினால் திரும்ப வருகிறது. இருட்டில் ஒருமுறை பக்கத்தில் வந்த படகுக்காரர் "பின்னால விளக்கே இல்லையே" என்று கத்தினார். கன்சோலில் பார்த்தால் இண்டிகேட்டர் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கிறது. அப்புறம் அந்த இண்டிகேட்டர் எதற்கு?

புதிதாக ராக்கர் சுவிட்ச் ஒன்று வாங்கிவிட்டேன். ஆன்-ஆஃப்-ஆன், தண்ணீர் புகாத வகை, பின்னால் எட்டு முனைகள், உள்ளேயே ஒரு எல்இடி இருக்கிறதாம். கூட வந்த தாளில் வரைபடம் நகத்தளவுக்கு இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்தும் புரியவில்லை. மூன்று கேள்விகள். எட்டு முனையில் எது எங்கே போக வேண்டும்? பல்பு உண்மையிலேயே எரிகிறதா என்று காட்டுகிற மாதிரி இண்டிகேட்டரை இணைக்க முடியுமா? இதோடு இதாக பல்புகளையும் எல்இடிக்கு மாற்றிவிடலாமா?

---

ஒயர்மேன் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் பழைய சுவிட்சின் ரகசியத்தைச் சொல்கிறேன். கழற்றிப் பார்த்தால் பின்னால் மூன்றே முனைகள் இருக்கும். நடுவில் பேட்டரி பிளஸ், ஒரு பக்கம் அணிய விளக்கு, மறு பக்கம் வெள்ளை. ஓட்டத்தில் வெள்ளையும் எரிய வேண்டுமே, அதற்காக யாரோ இரண்டு வெளிமுனைகளையும் ஒரு துண்டு வயரால் கட்டியிருப்பார்கள். கட்டிய பிறகு இரண்டு முனையும் ஒன்றுதான். எந்தப் பக்கம் தள்ளினாலும் இரண்டு விளக்கும் எரியும். மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை கிடையாது. வெள்ளைக்குப் போனது துண்டு வயர் வழியாக அணியத்துக்கும் போகிறது. முழு வெளிச்சத்தில் எரிகிறது என்று நீங்கள் சொன்னதே இதற்குச் சாட்சி. மைனஸ் அறுந்து வேறு வழியாக மின்சாரம் சுற்றி வந்திருந்தால் விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நங்கூரம் போட்டு நிற்கும் சிறு படகு வெள்ளையை மட்டும் காட்ட வேண்டும். சிவப்பு-பச்சையும் சேர்ந்து தெரிந்தால், எதிரே வருகிறவன் கணக்கில் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும் படகு. நீங்கள் விலகுவீர்கள் என்று அவன் காத்திருப்பான், நீங்களோ உள்ளே தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1972-ம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த எஞ்சின் படகு முன்விளக்கும் பின்விளக்கும் தனித்தனியாக வைக்காமல், சுற்றொளி வெள்ளை ஒன்றையும் பக்க விளக்குகளையும் மட்டும் காட்டலாம். 7 மீட்டருக்குக் குறைந்து, அதிகபட்ச வேகமே 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) தாண்டாத படகுக்கு இன்னும் சலுகை உண்டு. வெள்ளை கட்டாயம், பக்க விளக்கை முடிந்தால் வைத்தால் போதும். 5.5 மீட்டர் படகில் 40 குதிரை மாட்டிக்கொண்டு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் கம்பம் அந்த உயரம் வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். படகின் பின்னால் மாட்டுகிற குள்ளக் கம்பங்கள் பலவற்றுக்கு அந்த உயரம் இல்லை, ஆள் நின்றாலே விளக்கு மறைந்துவிடும்.

இப்போது புது சுவிட்ச். எட்டு முனையில் ஆறு சுவிட்சுக்கு, இரண்டு எல்இடிக்கு. ஆறும் மூன்று மூன்றாக இரண்டு வரிசை. ஒரே பட்டனில் இரண்டு தனித்தனி சுவிட்சுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டபுள் போல் என்பது இதைத்தான். தாளில் இருக்கிற எண்ணை நம்பி இணைக்க வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும். மேலே அழுத்தினால் கீழ் முனை சேர்கிற சுவிட்சும் உண்டு, மேல் முனை சேர்கிறதும் உண்டு. எதிலும் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் போடுங்கள். ஓட்டம் பக்கம் அழுத்தி எந்த இரண்டு ஜோடி கத்துகிறது என்று குறியுங்கள். நங்கூரம் பக்கம் அழுத்தி மறுபடி குறியுங்கள். இரண்டு தடவையும் வருகிற முனைகள்தான் பொது முனைகள். பெரும்பாலும் நடுவில் இருக்கும்.

ஃப்யூஸிலிருந்து வரும் பிளஸ் ஒரு பொது முனைக்கு. அங்கிருந்து ஒரு சின்ன துண்டு வயர் அடுத்த பொது முனைக்கு. இடது வரிசையில் ஓட்டத்துக்குச் சேர்கிற முனையில் அணிய விளக்கு, வேறு எதுவும் கூடாது. வலது வரிசையில் ஓட்ட முனையையும் நங்கூர முனையையும் ஒன்றாகக் கட்டி அங்கே வெள்ளை விளக்கு. அவ்வளவுதான். இங்கேயும் முனைகளைக் கட்டுகிறோம், ஆனால் கட்டியது வெள்ளையின் வரிசைக்குள்ளேயே நிற்கிறது. இடது வரிசைக்கு மின்சாரம் திரும்பி வர வழியே இல்லை. இடது வரிசையில் நங்கூர முனை ஒன்று சும்மா கிடக்கும். 'நங்கூர விளக்கு போட்டிருக்கிறோம்' என்று காட்ட ஒரு குட்டி எல்இடி வேண்டுமானால் அதிலிருந்து எடுக்கலாம்.

மைனஸ் எல்லாம் சுவிட்சுக்கு வரவே வராது. விளக்குகளின் மைனஸ் நேராக மைனஸ் பஸ்பாருக்கு, அதாவது எல்லா மைனஸ் வயர்களும் சேர்கிற உலோகப் பட்டைக்கு, போகட்டும். சுவிட்சின் எல்இடிக்கு மட்டும் ஒரு மெல்லிய மைனஸ்.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், ஈயம் பூசிய தாமிர இழை. வீட்டு வயர் வேண்டாம், கடல் காற்றில் உறைக்குள்ளேயே பச்சை ஏறிவிடும். ஃப்யூஸ் 5 ஆம்ப், பேட்டரிக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. படகுகளுக்குத் தரம் வகுக்கிற அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சியின் தரம் பொதுவாக 7 அங்குலத்துக்குள் என்கிறது. வயர் குழாய்க்குள் போனால் கொஞ்சம் தளர்வு உண்டு. ஃப்யூஸ் காப்பது விளக்கை இல்லை, வயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையில் வயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற எதுவும் கிடையாது. முனைகளுக்கு கிரிம்ப் லக் போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றுகிற ஆள் என் பக்கம் வர வேண்டாம்.

வெள்ளை விளக்கு போய்ப் போய் வருவதற்கும் சுவிட்சுக்கும் சம்பந்தம் இல்லை. கம்பத்தை ஆட்டினால் வருகிறது என்றால் சாக்கெட்டோ அதன் கீழே உள்ள இணைப்போதான். சுவிட்ச் மாற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள். பல்பு எரியும்போதே அளக்க வேண்டும். பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால் அழுகிப்போன இணைப்புகூட 12.6 வோல்ட் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற மின்சாரம் ஒன்றுமே இல்லை. பல்பு எரியட்டும், மீட்டரின் ஒரு கம்பி பேட்டரி பிளஸில், மறு கம்பி விளக்கின் பிளஸில். காட்டுகிற அளவுதான் வழியில் தொலைந்த வோல்ட். அதே மாதிரி மைனஸ் பக்கமும் அளந்து இங்கே எழுதுங்கள்.

---

பாய்விரி எழுதியது:

ஒயர்மேன் அண்ணன் சொன்னது சரி. ஆனால் பழைய மூன்று முனை சுவிட்சையே வைத்துக்கொண்டு அந்தத் துண்டு வயருக்குப் பதில் ஒரு டையோடு போட்டாலே போதுமே? ஓட்ட முனையிலிருந்து வெள்ளைக்குப் போகும், வெள்ளையிலிருந்து திரும்பி வராது. அரை மணி நேர வேலை.

பாய்ப்படகுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. இந்த இரண்டு நிலை சுவிட்ச் நமக்குப் பற்றாது. 20 மீட்டருக்குக் குறைந்த பாய்ப்படகு, பாயில் ஓடும்போது பாய்மர உச்சியில் சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் ஒரே கூட்டில் உள்ள மூவர்ண விளக்கு ஒன்றை மட்டும் வைக்கலாம். எஞ்சினைச் சேர்த்துவிட்டால் அந்த நொடியே அது எஞ்சின் படகு. மூவர்ணத்தை அணைத்து, கீழே பக்க விளக்குகள், பின்விளக்கு, பாய்மரத்தில் முன்னோக்கிய வெள்ளை எல்லாம் போட வேண்டும். மூவர்ணமும் கீழ் விளக்குகளும் ஒன்றாக எரிகிற படகுகளை நிறையப் பார்க்கிறேன், தூரத்திலிருந்து பார்த்தால் அது என்ன ஜந்து என்றே தெரியாது. மூவர்ணத்தையும் கீழ் விளக்குகளையும் ஒரே சுவிட்சின் எதிரெதிர் பக்கங்களில் போட்டால் இரண்டும் சேர்ந்து எரியவே முடியாது.

---

ஒயர்மேன் எழுதியது:

டையோடு வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் சாதாரண சிலிக்கான் டையோடு 0.7 வோல்ட் சாப்பிடும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 6 சதவீதம். நேவிகேஷன் விளக்குக்கு மொத்த வழியிலும் சேர்த்தே 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல், இழக்கக் கூடாது என்பது ஏபிஒய்சி கணக்கு. இழை பல்பு வோல்ட் குறைவதைவிட வேகமாக வெளிச்சத்தில் குறையும். 3 சதவீதம் போனால் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு போகும், 6 சதவீதம் போனால் ஐந்தில் ஒரு பங்கு. சிறு படகின் சுற்றொளி வெள்ளை 2 கடல் மைல் தெரிய வேண்டும், பக்க விளக்கு 1 கடல் மைல். அந்தக் கூட்டையும் பல்பையும் சோதித்தது முழு வோல்ட்டில். ஷாட்கி டையோடு பாதிதான் சாப்பிடும், ஆனால் அதுவே 3 சதவீதக் கணக்கை ஏறக்குறைய முடித்துவிடும், வயருக்கு என்ன மிச்சம்? உள்ளே ரெகுலேட்டர் உள்ள எல்இடி விளக்கானால் இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

தவிர, ஆறு முனை சுவிட்சை வாங்கிக் கையில் வைத்திருப்பவரிடம் டையோடு எதற்கு?

---

உப்புக்காற்று எழுதியது:

அண்ணா, அளந்துவிட்டேன். பேட்டரியில் 12.6. வெள்ளை விளக்கின் சாக்கெட்டில், பல்பு எரியும்போது, 9.1தான்! பிளஸ் பக்கம் 0.3 தொலைகிறது, மைனஸ் பக்கம் 3.2. பழைய சுவிட்சின் பின்னால் நீங்கள் சொன்ன அதே துண்டு வயர் இருக்கிறது. படம் பிடிக்க மறந்துவிட்டது.

மைனஸ் வயரைத் தொடர்ந்து போனால், பின் லாக்கரின் அடியில், தண்ணீர் தேங்குகிற இடத்தில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு. டேப்பைப் பிரித்தேன், உள்ளே தாமிரமே இல்லை, பச்சைப் பொடிதான்.

பூதக்கண்ணாடி இல்லாமலே முனைகளைக் கண்டுபிடித்துவிட்டேன், பீப் சத்தம் போதும். எல்இடியின் இரண்டு முனைகள் மற்ற ஆறோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் தனியாக இருக்கின்றன. அதை எங்கே இணைப்பது? வெள்ளை முனையோடு சேர்த்தால் பழைய இண்டிகேட்டர் செய்த அதே வேலையைத்தானே செய்யும்?

---

ஒயர்மேன் எழுதியது:

மைனஸ் பக்கம் 3.2 என்றால் கேள்வியே வேண்டாம், அந்த இணைப்புதான். 9.1 வோல்ட்டில் அந்த பல்பு தன் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்துக்கொண்டிருந்தது. எரிகிறது என்று நீங்கள் நினைத்த நேரத்திலும் பாதி நேரம் யாருக்கும் தெரிந்திருக்காது. வெட்டி எறிந்துவிட்டு சாக்கெட்டிலிருந்து பஸ்பார் வரை இடையில் இணைப்பே இல்லாமல் ஒரே நீள வயராகப் போடுங்கள். லாக்கரின் அடியில் விடாமல் விளிம்பை ஒட்டி மேலே கொண்டுபோங்கள். சாக்கெட்டுக்கு ஏறும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு வளைத்து ஏற்றுங்கள், வழிந்து வருகிற தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். பிளஸ் பக்கம் 0.3 கூட இந்த நீளத்துக்கு அதிகம்தான். 1.5 வயரில் 5 மீட்டருக்கு 0.06 ஓம், 10 வாட் பல்பு இழுப்பது 0.83 ஆம்ப், ஆக 0.05 வோல்ட்தான் போக வேண்டும். மிச்சம் பழைய சுவிட்சும் சாக்கெட்டின் பின்களும். சாக்கெட்டையும் மாற்றிவிடுங்கள்.

இண்டிகேட்டர் விஷயத்தில் நம்ம நள்ளிரவுச் சுக்கான் வந்தால் நல்லது, கப்பல் பேனல்களோடு கிடக்கிறவர் அவர்தான்.

---

நள்ளிரவுச் சுக்கான் எழுதியது:

கூப்பிட்டதும் வந்துவிட்டேன்.

நண்பரே, உங்கள் பழைய இண்டிகேட்டர் பொய் சொல்லவில்லை. 'சுவிட்சைத் தாண்டி மின்சாரம் வந்துவிட்டது' என்று மட்டும் அது சொன்னது, அது உண்மையும்கூட. விளக்குக்குப் போய்ச் சேர்ந்ததா, இழை முழுசாக இருக்கிறதா, மைனஸ் திரும்பி வந்ததா, எதுவும் அதற்குத் தெரியாது. விளக்கோடு பக்கவாட்டில் இணைத்த எந்த இண்டிகேட்டரும் இப்படித்தான். விளக்கின் வழியாகப் போகிற மின்சாரத்தைப் பார்க்கிற இண்டிகேட்டர்தான் உங்களுக்கு வேண்டும்.

பெரிய கப்பல்களில் இது விருப்பம் இல்லை, கட்டாயம். ஒவ்வொரு விளக்குக்கும் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டுகிற அறையில், உள்ள பேனலில் தனிச் சுற்று இருக்கும். விளக்கு போனால் ஒளியும் ஒலியுமாக அலாரம் அடிக்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2007-ல் நேவிகேஷன் விளக்குகளுக்கும் அவற்றின் கட்டுப்பாட்டுப் பேனலுக்கும் ஒரு செயல்திறன் தரத்தை ஏற்றது, எம்எஸ்சி.253(83) என்று பெயர். எல்இடி விளக்கு பட்டென்று அணையாமல் மெல்ல மெல்ல மங்கக்கூடியது என்பதால் அதற்கு அதில் தனி ஏற்பாடு உண்டு. தேவையான அளவுக்குக் கீழே ஒளி குறைந்தால் அலாரம் வர வேண்டும், இல்லாவிட்டால் உற்பத்தியாளர் சொன்ன ஆயுள்வரை மட்டும் அந்த விளக்கைப் பயன்படுத்த வேண்டும்.

சிறு படகுக்கு அந்தப் பேனல் தேவையில்லை. ஒரு ரீட் சுவிட்ச் போதும். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள், பக்கத்தில் காந்தம் வந்தால் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குழாயின் மேல் விளக்குக்குப் போகிற பிளஸை எனாமல் வயரால் சுற்றிக்கொண்டு போங்கள். விளக்கில் மின்சாரம் ஓடினால் சுருள் காந்தமாகும், தகடுகள் சேரும், அதன் வழியாக உங்கள் எல்இடி எரியும். இழை அறுந்தாலும் மைனஸ் விட்டாலும் சாக்கெட்டிலிருந்து கம்பத்தை யாராவது உருவினாலும் மின்சாரம் நின்றுவிடும், எல்இடியும் அணைந்துவிடும்.

எத்தனை சுற்று என்பது ரீடின் திறனைப் பொறுத்தது. 15 ஆம்ப்-சுற்றில் (ஆம்பைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது) சேர்கிற ரீட் என்றால் நான் இரண்டு மடங்கு, 30-க்குக் கணக்குப் போடுவேன். பேட்டரி இறங்கிய நிலையிலும் நம்பி வேலை செய்யும். 10 வாட் பல்பு 0.83 ஆம்ப், 30-ஐ 0.83-ஆல் வகுத்தால் 36 சுற்று. 0.8 மில்லிமீட்டர் எனாமல் வயரில் இரண்டு அடுக்காகச் சுற்றலாம். மொத்தமே அரை மீட்டர் வயர், இழப்பு 0.01, 0.02 வோல்ட்தான், மீட்டரில் தெரிந்தாலே அதிகம். டையோடுகளை வரிசையாகப் போட்டு அதன் மேல் எல்இடி எரியவைக்கிற வரைபடம் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது, அதைத் தொடாதீர்கள். எல்இடிக்கு வேண்டிய 2 வோல்ட்டை விளக்கின் வாயிலிருந்து பிடுங்கிக் கொடுக்கிற ஏற்பாடு அது.

உங்கள் சுவிட்சில் எல்இடி தனியாக இருப்பது அதிர்ஷ்டம். வெள்ளை முனையிலிருந்து வருகிற பிளஸ் ரீடின் ஒரு காலுக்கு, மறு கால் எல்இடியின் பிளஸுக்கு, எல்இடியின் மைனஸ் பஸ்பாருக்கு. சுருள், அதே வெள்ளை முனைக்கும் விளக்குக்கும் இடையில். 12 வோல்ட் சுவிட்ச் என்று எழுதியிருந்தால் எல்இடிக்கு வேண்டிய மின்தடை உள்ளேயே இருக்கும். இரவில் கண்ணைக் கூசினால் வரிசையில் இன்னும் ஒரு 4.7 கிலோ ஓம் சேருங்கள். இருட்டில் கன்சோலில் பளிச்சென்று எரிகிற எதுவும் கடலைப் பார்க்கவிடாது.

அணிய விளக்குக்கும் வேண்டுமா என்று கேட்பீர்கள். நானாக இருந்தால் வெள்ளைக்கு மட்டும் செய்வேன். அணிய விளக்கு கண்ணுக்கு எதிரே இருக்கிறது, கைப்பிடிக் கம்பியில் அதன் நிறம் தெறிப்பதை ஓட்டுகிற இடத்திலிருந்தே பார்க்கலாம். வெள்ளை முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. செய்வதானால் விளக்குக்கு ஒரு ரீட் வேண்டும். இரண்டு பல்புகளை ஒரே சுருளில் சேர்த்தால், ஒன்று போன பிறகும் மற்றதன் மின்சாரத்திலேயே தகடுகள் ஒட்டியபடி நின்றுவிடும், ரீட் சேர்வதைவிட விடுவதற்குச் சோம்பேறி. உங்கள் அணியக் கூட்டில் பல்பு ஒன்றுதான் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

ரீடை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியில் வைத்து, நடுங்காமல் சிலிக்கான் ஊற்றிவிடுங்கள். கால்களை மடக்கும்போது கண்ணாடி ஓரத்தில் மடக்கினால் விரிசல் விடும், கொஞ்சம் தள்ளிக் குறட்டால் பிடித்துக்கொண்டு மடக்குங்கள். ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எல்இடி எப்போதும் எரியும், ஜாக்கிரதை.

---

பாய்விரி எழுதியது:

டையோடு வழக்கில் தோற்றுவிட்டேன், மூன்றாவது கேள்விக்காவது பதில் சொல்கிறேன்.

இழை பல்புக்கான கூட்டுக்குள் எல்இடி பல்பைத் திருகுவதும், முழு எல்இடி விளக்கை வாங்குவதும் வேறு வேறு. கூட்டின் கண்ணாடியும் தடுப்புச் சுவர்களும் அந்த இழை எந்த இடத்தில், எந்த அளவில் இருக்கிறதோ அதற்காகச் செய்தவை. சிவப்பும் பச்சையும் நேர் முன்னால் துல்லியமாகப் பிரிய வேண்டும், பக்கத்துக்கு 112.5 டிகிரி. எல்இடி பல்பில் ஒளிப்புள்ளிகள் பல பக்கம் சிதறியிருக்கும், எல்லை குழம்பிவிடும். நிறமும் கெடும். குளிர் வெள்ளை எல்இடியில் சிவப்பு கொஞ்சம்தான் இருக்கிறது, அதைச் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் மங்கும், பச்சை நீலம் கலந்து தெரியும். அணியத்துக்கு மாற்றுவதானால் சான்றிதழ் பெற்ற முழு விளக்காக வாங்குங்கள்.

இன்னொரு தொல்லை ரேடியோ. சில எல்இடி விளக்குகளின் உள்ளே இருக்கிற மின்சுற்று படகு ரேடியோ பேசுகிற விஎச்எஃப் அலைவரிசையில் இரைச்சல் போடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-ல் இதற்காகவே ஒரு எச்சரிக்கை விட்டது, பக்கத்துக் கப்பல்களின் இடத்தைக் காட்டுகிற ஏஐஎஸ் கருவியின் வரவேற்பும் கெடும் என்று. சோதிப்பது சுலபம். விளக்கை அணைத்துவிட்டு ரேடியோவை யாரும் பேசாத சேனலில் வையுங்கள், இரைச்சலை அடக்குகிற ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் சரியாக நிற்கிற இடம்வரை திருப்புங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் விளக்குதான் காரணம்.

எல்இடிக்கு மாற்றினால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது என்பதையும் கவனியுங்கள். உங்கள் கம்பம் இரண்டு பின் செருகுகிற வகை. இழை பல்புக்கு எப்படிச் செருகினாலும் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படி இல்லை.

---

நள்ளிரவுச் சுக்கான் எழுதியது:

அத்தோடு, 2 வாட் எல்இடி விளக்கானால் மின்சாரம் 0.17 ஆம்ப்தான். 36 சுற்று போதாது, 180 சுற்று வேண்டும். 0.4 மில்லிமீட்டர் எனாமல் வயரில் சுற்றினால் 0.06 வோல்ட் போகும், பரவாயில்லை. எந்த விளக்கு என்று முடிவு செய்துவிட்டுச் சுருளைச் சுற்றுங்கள்.

---

உப்புக்காற்று எழுதியது:

இப்போதைக்கு இழை பல்பிலேயே நிற்கிறேன். சுவிட்ச் மாட்டியாகிவிட்டது. நங்கூரத்தில் வெள்ளை மட்டும், ஓட்டத்தில் எல்லாம். பின் சாக்கெட் புதிது, மைனஸ் ஒரே நீள வயர். வெள்ளை விளக்கில் இப்போது 12.4 வோல்ட் வருகிறது. ரீடும் வேலை செய்கிறது, கம்பத்தை உருவினால் சுவிட்சின் எல்இடி அணைகிறது, செருகினால் எரிகிறது. இதை மட்டும் பத்து தடவை செய்து பார்த்திருப்பேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம். விளக்கைப் போட்டால் காம்பஸ் முள் நாலைந்து டிகிரி திரும்புகிறது. அணைத்தால் பழைய இடத்துக்கு வருகிறது. முன்பு இப்படி இல்லை. ரீட் சுருளா?

---

ஒயர்மேன் எழுதியது:

சுருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கன்சோலுக்குள் காம்பஸுக்கு நேர் கீழே வைத்திருந்தால் அதுதான், அரை மீட்டர் தள்ளி வையுங்கள். ஆனால் முதலில் வயரைப் பாருங்கள். அணிய விளக்கின் பிளஸ் காம்பஸின் ஒரு பக்கமும் மைனஸ் மறு பக்கமும் போகிறதா? பழைய வயரை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும்போது பிரிந்து போயிருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஒரே வழியில் கொண்டுபோனால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். எது காரணம் என்று தெரிய சுவிட்சை நங்கூரத்தில் வையுங்கள், அப்போது சுருளில் மின்சாரம் ஓடும், அணிய வயரில் ஓடாது.

---

உப்புக்காற்று எழுதியது:

நங்கூரத்தில் வைத்தால் முள் அசையவில்லை, அண்ணா. அணிய வயர்தான். பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் மறு பக்கமும் போகிறது, நீங்கள் சொன்னபடியே. நாளைக்குக் கன்சோலைத் திறந்து முறுக்கிவிடுகிறேன்.